உள்ளங்கையில் எழுதிய எண்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் சூளையின் சூட்டை மணிக்கு ஒருதரம் பார்த்து எழுதுவதுதான் அறிவழகனின் வேலை. அந்தப் பழக்கம் அவனுடைய நூறு சிசி வண்டிவரை வந்துவிட்டது. கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் மீட்டரைப் பார்த்து உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வான். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த அவன் வீட்டிலிருந்து விருத்தாசலத்துக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

2004 ஐப்பசியில் ஒரு காலை, சொன்ன நாளுக்கு முன்பே அவன் மனைவி ஜெயஸ்ரீக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை.

“வண்டியிலயே போயிடலாங்க,” என்றாள்.

41318 என்று எழுதிக்கொண்டு வண்டியை உதைத்தான். அவள் அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விருத்தாசலம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோதும் மீட்டர் 41318 என்றே காட்டியது. கேபிள் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சற்றைக்கெல்லாம் நர்ஸ் வெளியே வந்தார்.

“பொண்ணுங்க. கொடி கழுத்துல சுத்தியிருந்துது. பத்து நிமிசம் பிந்தி வந்திருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. வூடு பக்கத்துலதானா?”

“ஸ்ரீமுஷ்ணங்க.”

நர்ஸ் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

குழந்தைக்குப் பழந்துணி எடுத்துவர அவன் மட்டும் வீட்டுக்குத் திரும்பினான். மீட்டர் ஓடியது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கமான சாலை, வழக்கமான வேகம். வீட்டு வாசலில் நிறுத்தியபோது 41362. கையில் இருந்த எண்ணைக் கழித்துப் பார்த்தான். போனதும் வந்ததும் சேர்த்து நாற்பத்து நான்கு.

“என்ன கொழந்தைங்க?” என்று எதிர்வீட்டு ஆண்டாள் கேட்டாள்.

அறிவழகன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். எண் எழுதிய கையை இன்னும் சூடு ஆறாத இஞ்சின்மேல் வைத்தான். சுட்டது. எடுக்கவில்லை.