முட்டை ஓட்டுத் தூள்

முப்பத்தெட்டுக் கன்றுகளும் மஞ்சளாகித் தலை சாய்ந்து கிடந்தன.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போய் நின்றிருந்தேன்.

கடையில் வாங்கிய ப்ளூபெரிப் பழங்களைத் தொண்ணூறு நாள் ஃப்ரீசரில் வைத்து, மசித்து, அலசி, அடியில் தங்கிய விதைகளை எடுத்து முளைக்கவைத்தவை. ஒரு விதை கடுகில் கால்வாசிகூட இருக்காது.

இப்போது நாற்றுத் தட்டு முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். முட்டை ஓட்டுத் தூள்.

மற்றச் செடிகளுக்கு அது உரம். புளிப்பு மண்ணில் வளரும் இதற்கு அந்தச் சுண்ணாம்புச் சத்து விஷம்.

கொழுந்தன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவருகே நின்றாள்.

ஒரே சமையலறையில் ஒன்றரை வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு சமைக்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடவுளிடம் நேர்ந்துகொண்டிருந்தேன்: பிழைத்து வீடு திரும்பினால் நானே முதலில் அவளிடம் பேசுவேன்.

பேசினேன்.

"என் மேல இருக்கிற ஆத்திரத்த இந்தப் பச்சமண்ணுங்க மேலயா காட்டணும்?"

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கொழுந்தன் என் பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"தினமும் ஓட்டைக் காயவச்சு, இடிச்சு, சலிச்சுப் போட்டா, அண்ணி. நீங்க வர்றதுக்குள்ள ஒரு விரக்கடையாவது வளந்துடணும்னு அதுங்ககிட்ட உக்காந்து பேசிட்டு வேற இருந்தா. அது ஆகாதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

யாரும் சொல்லவில்லைதான்.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை, அவள் வாசல்வரை என் பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, அந்தச் செடிக்கு என்ன செய்யணும், சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.