இன்னொரு புகார்

புகார் வந்த அன்றே படம் இணையத்திலிருந்து போய்விட்டது. சட்டம் கொடுத்த கெடுவுக்கு முன்பாகவே அந்தத் தளத்துக்காரர்கள் நீக்கிவிட்டதில் சைபர் கிரைம் எஸ்.ஐ. விஜயகுமாரிக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். மைதிலியின் முகத்தை ஒரு நிர்வாணப் படத்தில் ஒட்டவைத்தவன் யார் என்பதுதான் பாக்கி.

அதையும் சூப்பர்வைசர் பூபாலனே கண்டுபிடித்து, ஆளைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தியிருந்தார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில்தான் மைதிலி டெய்லர். கொண்டுவரப்பட்ட முனீஸ் அங்கே மெக்கானிக்.

"ஆயுத பூஜைக்கு எல்லாரையும் போட்டோ புடிச்சது இவன்தானுங்க மேடம். அதுல இருந்த மூஞ்சியத்தான் வெட்டி ஒட்டியிருக்கானுங்க" என்றார் பூபாலன்.

"போட்டோ எடுத்தேன், குரூப்புல போட்டேன். அது கம்பெனில எல்லார்ட்டயும் இருக்கு மேடம். இந்தப் பாவத்த நான் செய்யல" என்ற முனீஸ் அழ ஆரம்பித்தான். அழுகிறவர்களை விஜயகுமாரி உடனே நம்புவதுமில்லை, நம்பாமலிருப்பதுமில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் பூபாலனின் மனைவி அன்புசெல்வி உள்ளே வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீ எதுக்கு இங்க வந்தே? ஊட்டுக்குப் போ!" என்று எழுந்தார் பூபாலன்.

அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. "பக்கத்து ஊட்டுப் புள்ள செல்லுல அந்தப் படத்தைக் காட்டுச்சுங்க மேடம். நானும் ஒரு புகார் எழுதிக் குடுக்கோணுங்க."

விஜயகுமாரிக்குப் புரிந்துவிட்டது. பூபாலன் மைதிலியையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்று கம்பெனியில் பேச்சு இருப்பதைக் காலையில்தான் கேள்விப்பட்டிருந்தார். படத்தைச் செய்ததே இவள்தானோ? பொறாமையில் இதைவிட மோசமானதையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார்.

"யார் மேல புகார்? மைதிலி மேலயா?"

"ஐயோ, அந்தப் புள்ள பாவமுங்க."

"அப்புறம் என்னம்மா? படத்தை நெட்டுல இருந்து எடுத்தாச்சு. பாதிக்கப்பட்ட பொண்ணு புகாரும் கொடுத்தாச்சு. நடுவுல நீ எதுக்கு?"

அன்புசெல்வி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு செல்லுல மட்டும் இருந்த படமுங்க அது. மூஞ்சிதான் அந்தப் புள்ளையோடது, உடம்பு என்னுதுங்க."