புருஷன் கையெழுத்து

போன வாரம் தனியாக வந்து அழுதுவிட்டுப் போன சின்னபொண்ணு, இன்று புருஷனோடு வந்து நின்றாள். அவனைப் பார்த்ததும் இசைவாணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன மாதம் வேறொருத்திக்குப் புருஷனாக வந்த அதே மீசைக்காரன்!

திண்டிவனத்தில் அந்தச் சின்ன கிளினிக்கில் இசைவாணிதான் நர்ஸ். விழுப்புரத்திலிருந்து டாக்டர் அவ்வப்போது வந்து எட்டிப்பார்ப்பதோடு சரி. சோதிப்பது, கரு கலைய மாத்திரை கொடுப்பது, உதிரப்போக்கு நிற்கும்வரை கவனிப்பது எல்லாம் இவள்தான். இவள் கையால் வாங்கி விழுங்கிய ஒருத்திக்கும் இதுவரை ஆபத்து வந்ததில்லை.

ஆனால் புருஷன் கையெழுத்து இல்லாமல் மாத்திரையைக் கண்ணில் காட்டமாட்டாள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்று டாக்டரே சொல்லிப் பார்த்துவிட்டார். இவள் கேட்டால்தானே.

"எத்தினி புள்ளைங்க?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் திருதிருவென விழித்துச் சின்னபொண்ணுவைப் பார்த்தான். "ரெண்டுங்க" என்று அவள்தான் முணுமுணுத்தாள்.

பெற்ற பிள்ளைகளின் கணக்குகூடத் தெரியாத ஜென்மம்! அவன் கையெழுத்துப் போட்டு வைத்த பேனாவை இசைவாணி டெட்டால் பஞ்சால் துடைத்தாள். அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"தூ! போன மாசம் தாண்டவராயன், இப்ப கிருஷ்ணசாமியா? பேர மாத்திக்கினு, ஊர்ல இருக்கற பொண்ணுங்கள நாசம் பண்ணிக்கினு திரியற. உன் அசிங்கத்தக் கழுவவா நான் உக்காந்துக்கினு இருக்கேன்? மாத்திரை கெடையாது. போங்க ரெண்டு பேரும்!"

சின்னபொண்ணு பதறிப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அனுப்பாதீங்க சிஸ்டர். நாளு தாண்டிட்டா மாத்திரை கேக்காதுன்னீங்களே. எங்க தெருவுல ஒருத்தி கலைக்கறேன்னு குச்சி வெச்சிக்கினு செத்தே போச்சுங்க."

"இந்த மாதிரி ஒருத்தனோட குடும்பம் நடத்தறியே, உன்னச் சொல்லணும்!"

"அவரத் திட்டாதீங்க. எங்க வீட்டு ஆளு குடிச்சிட்டுக் கெடக்கறான், வரமாட்டேன்னுட்டான். போன மாசம் வந்த அக்காவுக்கும் இதே கததான். கையெழுத்து இல்லாம நீங்க தர மாட்டீங்க, நாங்க எங்க போவோம்?"

இசைவாணி மீசைக்காரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இவன் யாரு?"

"ஆட்டோக்கார அண்ணனுங்க."