நின்றபடி ஒரு தலைப்பு
பேராசிரியரின் சிவப்புப் பேனா அவளுடைய ஆனர்ஸ் ஆய்வுத் தலைப்பை இரண்டாம் முறையாக அடிக்கிறது. ‘துணிக்கடைப் பெண்களும் இல்லாத நாற்காலியும்’ என்ற வரியின்மேல் சன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. “இதெல்லாம் ஒரு தலைப்பாம்மா? பத்து புத்தகமாவது காட்டணும்னு ஃபாரத்துலயே போட்டிருக்கு. எங்க போய்த் தேடுவே? உக்காந்து நிதானமா வேற யோசி.” எதிரே காலி நாற்காலி. அவள் உட்காரவில்லை. நேற்று ஞாயிறு முழுக்கத் துணிக்கடை வேலையில் நின்ற கால்கள் இன்னும் வீங்கியிருக்கின்றன. செருப்பு வார் பதிந்த தடம் சிவந்து கிடக்கிறது. புது ஃபாரத்தை எடுத்து, மேசைமேல் குனிந்து, அதே தலைப்பை எழுதுகிறாள். நூல்பட்டியலில் ஒன்று முதல் பத்து வரை பெயர்கள் மளமளவென்று விழுகின்றன.

“யாரும்மா இவங்கல்லாம்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“கூட வேலை பாக்கிற அக்காங்க, சார். முதல் பேரு, பதினாறு வருஷமா நிக்கிறாங்க.”

சிவப்புப் பேனா மறுபடி தாளை நோக்கி இறங்குகிறது. அவள் பையின் ஜிப்பைத் திறந்து கட்டாக வெற்று ஃபாரங்களை எடுத்து மேசையில் வைக்கிறாள்.

“அடிங்க சார். நிக்கிறது எனக்குப் பழக்கம்தான்.”