ஏரிக்குப் போன தூதுக்குழு

குளம் வற்றி ஒரே ஒரு குட்டைதான் மிச்சம். அதில் செங்காயி என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் திணறிக்கொண்டிருந்தன. வாய்க்காலைத் திறந்துவிடும்படி ஏரித் தவளைகளிடம் கேட்கப் போன தூதுக்குழு, பத்து நாள் கழித்து அல்லிப்பூ மாலைகளோடு திரும்பியது.

“தண்ணி எப்போண்ணே வரும்?” என்று செங்காயி ஓடிப்போய்க் கேட்டாள்.

“எடுத்த எடுப்பிலேயே அதைக் கேட்டா நல்லாவா இருக்கும், தாயி? இப்பதான் நல்லுறவு வளர்ந்திருக்கு,” என்றார் குழுத்தலைவர். “அடுத்த வாரம் அவங்க இங்க வர்றாங்க. தங்குறதுக்குக் குட்டை வேணும். உன் பிள்ளைகளைக் கொஞ்சம் ஓரமா எடுத்துக்கோ.”

“ஓரத்துல எங்கண்ணே தண்ணி?”

தலைவர் வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்தார்.

செங்காயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குட்டையை மறித்து உட்கார்ந்தாள்.

“வரட்டும். வாய்க்காலைத் திறந்துட்டு வந்தா இடம் விடுறேன். இல்லேன்னா, அவங்களுக்கு இந்த வெடிப்புலயே விருந்து வைங்க. நீங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்க!”