சோதனைக் குரல்

"இதுவும் வேலைக்கு ஆகல சார்," என்றாள் தங்கை போனில்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். தன்னை 'சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் தங்கைக்குச் சிரிப்பு முட்டுவது நன்றாகவே கேட்டது.

"என்னன்னு வருது?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கம்பைலர் இல்லையாம். உங்க பேக்கேஜ் உங்க பெட்டியில மட்டும்தான் நல்ல பிள்ளை போலிருக்கு சார்."

ஆஸ்பத்திரி அறையில் அப்பாவின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு தங்கை வேறெப்படிப் பேசுவாள்? ஆபீசில் ஒரு சார் செய்து தருகிறார் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தது. பெரியவள் செய்தது என்று தெரிந்தால் கையால் தொடமாட்டார். அவர் பேச்சைக் கேட்காமல் அவள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அந்த வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது.

தொண்டையில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி அவருக்குக் குரல் கிடையாது. எழுதிக் காட்டச் சொல்லி நீட்டிய அட்டையை விசிறியடித்துவிட்டு, காலையிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் தங்கை அவரைச் செய்தித்தாள் வாசிக்கவைத்துப் பதிவு செய்திருந்தாள். எதைத் தட்டினாலும் அந்தக் குரலிலேயே பேசும் நிரலை அக்கா எழுதியிருந்தாள்.

எழுதியிருந்தாள் என்பதுகூட அதிகம்தான். மாலை வகுப்பில் கற்றதை வைத்துப் போட்ட மேல்பூச்சு மட்டுமே அவளுடையது. பேசுகிற எஞ்சின் யாரோ எங்கேயோ சி மொழியில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தது. அதை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் புரிகிற வடிவத்துக்குத் தனித்தனியாக மாற்ற வேண்டும், அதாவது கம்பைல் செய்ய வேண்டும். அவள் கணினியில் அது தானாகவே நடந்துவிடும். தங்கையின் லேப்டாப்போ வேறு இயங்குதளம்.

இதை முன்பே யோசித்திருக்க வேண்டாமா? வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

தங்கையுடையதைப் போன்ற ஒரு கணினியை இணையத்தில் வாடகைக்குப் பிடித்தாள். அதிலேயே கம்பைல் செய்து, பேக்கேஜாகக் கட்டி அனுப்பினாள். நிறுவிக்கொண்டது. ஆனால் எஞ்சினைக் காணோம் என்றது. எஞ்சின் வாடகைக் கணினியிலேயே உட்கார்ந்திருந்தது. பேக்கேஜுக்குள் அதன் முகவரி மட்டும்தான் போயிருந்தது.

மறுபடி கட்டினாள். இந்த முறை எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று கோப்புறை முழுவதையும் அப்படியே உள்ளே தள்ளினாள்.

"ஏறிடுச்சு சார்!" தங்கை துள்ளினாள். "அப்பா, இந்தாங்க. ஏதாவது தட்டுங்க, உங்க குரலே வரும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கோப்புறை முழுவதும் என்றால் சோதனைக் கோப்புகளும்தான். அப்பாவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தெம்பில்லாமல், சோதனைக்கெல்லாம் தன் குரலையே பதிந்து வைத்திருந்தாள். இரண்டு குரல் இருந்தால் நிரல் எதை எடுக்கும்? முதலில் கண்ணில் படுவதை.

"நிறுத்து. தட்ட விடாத. மாத்தி அனுப்புறேன்."

"எங்க சார் விடுறாரு? லேப்டாப்ப மடிக்கு இழுத்துக்கிட்டாரு."

விசைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. ஒற்றை விரல்.

"தண்ணி," என்றது லேப்டாப், அவள் குரலில்.

தங்கை சிரிக்கவில்லை. 'சார்' என்பதும் மறந்துபோயிற்று. "அக்கா," என்றாள், வெறும் காற்றாக.

அப்பா தண்ணீர் குடித்தாரா, தெரியவில்லை.

பிறகு மறுபடி விசைகள். இந்த முறை நீளமாக. நடுவில் நின்று, அழித்து, மறுபடி தட்டினார். இத்தனை தட்டலுக்குள் என்னென்ன சொற்கள் அடங்கும் என்று அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

குரல் முதலில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஒரு கணம் கழித்துத்தான் போனில் வந்தது.

"முதல் நாள்ல இருந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறவள வீட்டுக்குப் போகச் சொல்லு."

அவள் குரலேதான். உச்சரிப்பில் ஒரு பிசிறுகூட இல்லை.