முப்பத்திரண்டு முறை

கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தாள்.

மூக்குக் குழாய் வழியே அது கணவருக்குள் இறங்கியது.

நான்கு நிமிடம். சாப்பாடு முடிந்தது.

நாற்பது வருடமாக அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம். கவளத்துக்கு முப்பத்திரண்டு முறை மெல்வார். எண்ணிக்கை தவறக் கூடாது என்று வீட்டில் யாரும் பேசக் கூடாது. குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. ரசம் ஆறும். அவள் கரண்டியோடு நிற்பாள். மனசுக்குள் அவளும் எண்ணுவாள்.

‘மெல்லும் தவம்’ என்று புத்தகமே எழுதினார். ஏழு பதிப்பு. உண்பவன் யார், உண்ணப்படுவது எது என்று அதில் முப்பது பக்கம் கேட்டிருக்கிறார்.

சமைப்பவர் யார் என்று கேட்கவில்லை.

பக்கவாதத்தில் பேச்சு போயிற்று. விழுங்குவதும் தொண்டைக்கு மறந்துபோயிற்று. வாய்வழியாக ஒரு சொட்டுகூடக் கூடாது, நுரையீரலுக்குப் போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் அதையே எழுதித் தாளும் ஒட்டியிருந்தார்கள்.

பார்க்க வந்திருந்த வாசகர் வட்டச் செயலாளர் தணிகாசலம் குழாயை நோக்கிக் கைகூப்பினார்.

“ஐயா சுவையையே கடந்துட்டாரும்மா.”

“ஆமாங்க. மூக்கு வழியாத்தானே போகுது.”

தணிகாசலம் போன பிறகு தன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம். ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். நாக்குக்குத் தரும் லஞ்சம் என்று அவர் வீட்டுக்குள்ளேயே விடாத பொருள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை அல்ல. டப்பாவின் ஓரத்தை.

பிறகு வாயைத் திறந்தார். பல் டாக்டரிடம் காட்டுவதுபோல, அகலமாக.

அவள் தலைமாட்டுத் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது.

விரல் நுனியால் ஊறுகாய்ச் சாற்றைத் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள்.

தாடை அசைந்தது.

பழக்கதோஷம். எண்ணினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்றில் விழுங்கிவிட்டார்.

இருமல் வெடித்தது. முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நர்ஸைக் கூப்பிடும் மணிமேல் அவள் கை போய் நின்றது.

மெல்ல அடங்கியது.

அவர் மறுபடி வாயைத் திறந்தார்.

மணியிலிருந்து கையை எடுத்தாள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.